பள்ளிக்காலத்தில் மறைத்த உண்மை ஓர் அருட்சகோதரியை உறுத்தும்போது

வகுப்பில் காணாமற்போன பணத்தைத் தானே எடுத்திருந்தும், பழி தோழியின் மீது விழுந்தபோது வாய் திறவாதிருந்த ஒருவர், பின்னாளில் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து அருட்சகோதரியாகி, மட்டக்களப்பில் தான் படித்த பள்ளிக்கே ஆசிரியையாக அனுப்பப்படும்போது அந்த நினைவு கூர்மையாகத் திரும்பி வரக்கூடும். அதை ஜெபத்தால் மூடிவிட முயலாமல், என்ன செய்தேன், அப்போது எனக்கு என்ன வயது, அதனால் யார் எதை இழந்தார் என்று முதலில் எழுதிப் பாருங்கள். 13 வயதுச் சிறுமியின் அச்சத்தை இன்றைய முதிர்ச்சியைக் கொண்டு அளப்பது நியாயமன்று. அந்த அச்சத்தைக் காட்டித் தோழி பட்ட அவமானத்தைக் குறைத்துச் சொல்வதும் நியாயமன்று.

பின்னர் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுங்கள். மடத்துக்கு வழமையாக வரும் குருவானவரிடம் சொல்லக் கூச்சமாயிருந்தால், புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்திலோ ஆயித்தியமலைத் திருத்தலத்திலோ உங்களை அறியாத ஒருவரிடம் சொல்லலாம். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 983 ஆம் சட்டப்படி, அங்கு சொன்னதை அவர் எக்காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. மடத்தின் தலைவியிடம் நீங்களாக மனந்திறப்பது நல்லதே. ஆனால் அப்படித் திறக்கும்படி அவர் உங்களைத் தூண்டுவதை 630 ஆம் சட்டம் தடை செய்கிறது.

பாவமன்னிப்புப் பெற்றவுடன் விடயம் முடிந்துவிட்டதென எண்ணுவதே பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்த நற்பெயரை மீட்டுக் கொடுக்கவும் இயன்றதைச் செய்ய வேண்டுமெனக் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1459 ஆம் பத்தி கூறுகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவரிடம் சொந்தப் பணம் இராது என்பதால், நீதிப்படி ஒருவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் ஒன்று இருக்கிறதென்று மட்டும் சொல்லித் தலைவியிடம் அனுமதி கேட்கலாம்.

போரினாலும் 2004 ஆம் ஆண்டுச் சுனாமியாலும் நம் ஊர்களில் பலர் இடம் மாறிவிட்டதால், தோழியைத் தேடப் பலரிடம் விசாரிக்க வேண்டிவரும். தேடும் காரணத்தை அவர்களிடம் சொல்லாதீர்கள். பழைய பழி மீண்டும் ஊருக்குள் பேச்சாகும். நேரில் போவதற்கு முன் கடிதம் எழுதுங்கள், ஏனெனில் துறவற உடையில் வாசலில் நிற்பவரிடம் கோபப்படுவது நம் பெண்களுக்கு எளிதன்று, தோழிக்கோ கோபப்படும் உரிமை இருக்கிறது. "அந்தப் பணத்தை எடுத்தது நான், நீயல்ல" என்று தெளிவாக எழுதுங்கள். உங்கள் வேதனையை விரித்து எழுதி அவரை ஆறுதல் சொல்லும் நிலைக்குத் தள்ளாதீர்கள். மகளே எடுத்தாள் என்று நம்பிய அவருடைய தாய் உயிருடன் இருக்கலாம். அவரிடமோ அன்றைய ஆசிரியையிடமோ உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டு, தோழி சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.

அவர் மன்னிக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அவர் இறந்திருந்தால், பழியை அறிந்திருந்த உறவினரிடம் உண்மையைச் சொல்லி, தோழிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்யுங்கள். இவையெல்லாம் செய்த பின்னும் உறுத்தல் நீடித்தால், அதே பாவத்தை வெவ்வேறு குருக்களிடம் திரும்பத் திரும்ப அறிக்கையிடாமல், ஒரே ஆன்ம வழிகாட்டியைத் தெரிந்துகொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.