சாட்சி சம்மனும் காசி டிக்கெட்டும் மோதினால்

மன்னார்குடி பக்கம் ரோட்டோரம் கடை வைத்திருந்தால் விபத்து வழக்கில் சாட்சியாவது தப்பாது. எனக்குச் சம்மன் வந்தது, குடும்பத்தோடு காசிக்குக் கிளம்பவிருந்த சமயத்தில். ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுத்துவிடுகிறோம். சம்மன் நெருக்கத்தில்தான் கைக்கு வரும். அப்புறம் மோதாமல் என்ன செய்யும்?

‘ஆள் ஊரில் இல்லைன்னு சொல்லிடுங்க மாமா’ என்று யோசனை சொல்ல டீக்கடையில் எப்போதும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, எந்தக் கோர்ட், வழக்கு எண் (சி.சி. எண்) என்ன, என்றைக்கு வாய்தா என்று பாருங்கள். சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரரின் செல் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டைக் காட்டி நீங்களாகவே வராமல் இருந்துவிட முடியாது. சொல்லாமல் நின்றுவிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பி.என்.எஸ்.எஸ்.) 500 ரூபாய் வரை அபராதம் போடலாம். பழைய சட்டத்தில் 100. பணம் போனால் போகட்டும். பிடிவாரண்டோடு போலீஸ் வாசலில் வந்து நின்றால் தெருவுக்கே பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே வாய்தாவுக்கு முன்பே ஒரு நாள் கோர்ட்டுக்குப் போங்கள். தனியாக வக்கீல் வைக்க வேண்டாம். போலீஸ் போட்ட வழக்கு என்றால் அரசு வக்கீலைப் பாருங்கள். கோர்ட் கூடிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். கையில் ஒரு மனு இருக்கட்டும். நான் எழுதியது இவ்வளவுதான்:

‘மேற்படி வழக்கில் நான் அரசுத் தரப்பு சாட்சி. வாய்தா தேதியில் குடும்பத்துடன் காசி செல்ல ஏற்கெனவே முன்பதிவு செய்துள்ளேன். டிக்கெட் நகல் இணைத்துள்ளேன். திரும்பிய பின் கோர்ட் குறிக்கும் எந்தத் தேதியிலும் ஆஜராவேன்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நழுவப் பார்க்கிறான் என்ற சந்தேகத்தைப் போக்குவது அதுதான். திரும்பும் டிக்கெட் நகலையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

தள்ளிக் கொடுப்பது நீதிபதியின் விருப்பம். எனக்குக் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ஜெயிலில் இருக்கும் வழக்கு என்றால் கொடுப்பது கஷ்டம். அப்போது டிக்கெட்டைத்தான் ரத்து செய்ய வேண்டும், வேறு வழியில்லை. மனு கொடுத்ததோடு கிளம்பிவிடாமல், புதுத் தேதி போட்டாகிவிட்டதா என்று இ-கோர்ட்ஸ் செயலியில் பாருங்கள்.

சாட்சி சொல்லப் போகும் நாளில் பேட்டா, அதாவது சாட்சிக்கான வழிச்செலவுப் படி, கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.