ஆழ்கடல் நத்தைகள்: ஓட்டைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

ஆழ்கடல் நத்தையைக் கையில் எடுத்ததும் கண் போவது நிறத்தின் மேல்தான். பலர் வழி தவறுவதும் அங்கேதான். இந்தியப் பெருங்கடலில் 2,400 மீட்டருக்கும் கீழே, வெந்நீர் ஊற்றுகளை ஒட்டி வாழும் செதில்கால் நத்தையைப் பாருங்கள். 2001-ல் கைரேய் ஊற்றில் கிடைத்தவற்றின் பாதத்தின் பக்கங்களில் கறுத்த செதில்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஓட்டின் மேலும் இரும்பு சல்பைடு படிந்திருந்தது. பிறகு சாலிட்டேர் ஊற்றில் கிடைத்தவையோ வெளிறியவை, இரும்புப் படிவே இல்லாதவை. வேறு இனம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஆனால் இரண்டும் கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம் என்ற ஒரே இனம்தான். சாலிட்டேர் ஊற்று நீரில் இரும்பு மிகக் குறைவு, அவ்வளவுதான். நிறத்தையும் படிவையும் குறித்து வையுங்கள். அதை வைத்து இனம் பிரிக்காதீர்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஓட்டில் முடி போன்ற இழைகள் கொண்ட அல்வினிகோன்கா நத்தைக்கு 1988-ல் ஒரே ஓர் இனப்பெயர்தான் இருந்தது. மரபணுவைப் பார்த்த பிறகு, 2014-ல் மேலும் ஐந்து இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஓடுகளை வரிசையாக அடுக்கினால் இன்றும் பிரித்துச் சொல்வது கடினம்.

தொப்பி வடிவ ஓடு என்றாலே லிம்பெட் (பாறையில் ஒட்டி வாழும் நத்தை வகை) என்று எழுதிவிடுவது அடுத்த தவறு. நத்தைகளில் அந்த வடிவம் பல வம்சங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நத்தையே அல்லாதவற்றிலும் உண்டு: 1952-ல் கோஸ்டா ரிகாவுக்கு அப்பால் 3,570 மீட்டர் ஆழத்தில் கிடைத்த நியோபிலினா என்ற மெல்லுடலி அப்படிப்பட்டது. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, திருப்பிப் பாருங்கள். லிம்பெட் ஓட்டின் உள்ளே தசை ஒட்டியிருந்த தழும்பு லாடம் போல வளைந்திருக்கும். நியோபிலினாவுக்கோ எட்டு ஜோடித் தசைகள்.

அப்புறம், ஓட்டின் நுனி. குஞ்சுப் பருவத்தில் உருவான அந்தச் சின்னச் சுருள்களில்தான் நிறையத் தகவல் இருக்கிறது. ரஃபிடோமிடே என்ற நத்தைக் குடும்பத்தில் பல இனங்களின் நுனியில், நுண்ணோக்கியில் பார்த்தால் சாய்ந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். ஆனால் ஆழ்கடல் நீர் சுண்ணாம்பைக் கரைக்கும். வளர்ந்த நத்தைகளில் நுனி பெரும்பாலும் அரித்துப்போயிருக்கும். அரித்த ஓட்டில் சுருள் எண்ணாதீர்கள், இளசாக ஒன்றைத் தேடுங்கள்.

காலி ஓடு கிடைத்தாலே அது ஆழத்தில் வாழ்ந்தது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்நீரில் நீந்தும் டெரோபாட் நத்தைகளின் ஓடுகள் செத்தபின் அடியில் குவிகின்றன.

உயிரோடு கிடைத்தால் ஓட்டை மட்டும் சுத்தம் செய்து வைத்துக்கொண்டு உடலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓட்டின் வாயை அடைக்கும் மூடி, நாக்குப் பற்கள், மரபணு எல்லாம் உடலோடு போய்விடும். ஃபார்மலினில் போட்டால் மரபணு கெடும். அமிலம் ஏறிய ஃபார்மலின் ஓட்டையும் அரிக்கும். எத்தனால்தான் சரி.