புளியங்கொட்டைப் பசையில் ஓர் ஓவியப் பாடம்

புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படத்தைக் கரும்பலகையருகே மாட்டி, பார்த்து வரையச் சொல்வதே நம் பள்ளிகளில் பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அப்போது கை பழகிய நான்கைந்து மாணவர்கள் மகிழ, மற்றவர்கள் தமக்கு ஓவியம் வராது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த ஓவியர் எதைக் கொண்டு, ஏன் அவ்வாறு தீட்டினார் என்பதைப் பாடமாக்கினால் எல்லாக் குழந்தைகளுக்கும் அதில் இடம் கிடைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு இவ்வகையில் மிகவும் பொருந்துபவர் வங்காளத்து ஓவியர் ஜாமினி ராய் (1887–1972) என்பது என் உறுதியான கருத்து.

கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் பயின்று, எண்ணெய் வண்ணத்தில் உருவப்படங்கள் தீட்டிவந்த அவர், பின்னர் அதைக் கைவிட்டு, தாம் பிறந்த பாங்குரா மாவட்டத்து நாட்டுப்புறக் கலையையும் கல்கத்தா காளி கோயிலருகே விற்கப்பட்டுவந்த காளிகாட் படங்களையும் நாடினார். மண்ணும் தாவரமும் தந்த நிறங்கள், விளக்குக் கரி, நிறத்தைப் பிடித்து நிறுத்தும் புளியங்கொட்டைப் பசை ஆகியவை அவருடைய பொருள்களாயின. மாசி, பங்குனியில் வீட்டு வாசல்களில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் நம் ஊர்களில் இப்பசைக்குச் செலவே இல்லை.

முதல் பாடவேளையில் யாரும் தூரிகையைத் தொட வேண்டாம். தாயும் சேயும், பூனை போன்ற அவருடைய படங்கள் இரண்டைக் காட்டி, கண்கள் ஏன் இவ்வளவு நீண்டிருக்கின்றன, கருங்கோடு எங்கே தடிக்கிறது, எத்தனை நிறங்கள் உள்ளன என்று கேளுங்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

அடுத்தது பசை. கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி, வெண்பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து அரைத்து, தண்ணீர் சேர்த்துக் கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சித் துணியில் வடிகட்ட வேண்டும். நான் முதன்முறை வறுக்காமலே ஊறவைத்ததால் தோல் உரியவில்லை. அடுப்பு வேலை ஆசிரியருடையதாகவே இருக்கட்டும். பசை விரைவில் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்சுவது நல்லது. செம்மண்ணை நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேலுள்ள கலங்கல் நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டால், அடியில் படியும் மென்மையான வண்டலே சிவப்பாகும். கருமைக்கு அடுப்புக்கரியை இழைத்துக்கொள்ளலாம். வெண்மைக்குச் சுண்ணாம்பு வேண்டாம், அது பிஞ்சுக் கைகளை அரிக்கும், நாமக்கட்டி போதும். மஞ்சள்தூள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் பாடவேளையில் ராயின் படத்தைக் கழற்றிவிட வேண்டும். களத்துமேடு, மாந்தோப்பு, பாட்டி, ஆடு என்று அவரவர் அறிந்ததைச் சாணித்தாளில், பசையில் குழைத்த அந்த நான்கு நிறங்களாலும் தடித்த கோட்டாலும் தீட்டட்டும். பர்கூர் அருகே மல்லப்பாடியின் வெண்ணிறப் பாறை ஓவியங்களையும், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களையும் இதன் பிறகு காட்டினால், இந்த நிறம் எதிலிருந்து வந்திருக்கும் என்று மாணவர்களே கேட்பார்கள்.

மதிப்பெண் இடும்போது ராயின் படத்தோடு ஒப்பிடாதீர்கள். மண்ணை எங்கிருந்து எடுத்தார், எந்தக் கோட்டை ஏன் தடிப்பாக்கினார் என்று ஒவ்வொரு மாணவரும் தாளின் பின்புறம் எழுதும் நான்கு வரிகளையும் சேர்த்துப் படித்து மதிப்பிடுங்கள்.