ஒட்டிக்கொண்டு வந்த கடல் சாமந்திக்கு ஒரு தனிப் பெட்டி

தர்மபுரியில் போர்வெல் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இங்கிருந்து கடலைப் பார்க்க அரை நாளாவது பஸ்ஸில் உட்கார வேண்டும். ஆனாலும் வீட்டுக் கூடத்தில் நான்கு வருஷமாக ஓர் உப்புத்தண்ணீர் தொட்டி ஓடுகிறது. சென்னை கொளத்தூரில் மீன் வாங்கப் போனபோது ஒரு கைப்பிடி கீட்டோ என்கிற நூல் போன்ற கடல் பாசியும் வாங்கி வந்தேன். மூன்று வாரம் கழித்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடியில் உளுந்து அளவில் பழுப்பாக ஏதோ விரிந்து நின்றது. விரலைக் கொண்டுபோனதும் சட்டென்று சுருங்கிப் புள்ளியானது. காசு கொடுக்காமல் பாசியோடு வந்த கடல் சாமந்தி அது. ஆங்கிலத்தில் சீ அனிமோன் என்பார்கள்; பூ மாதிரி இருந்தாலும் செடி அல்ல, விலங்கு.

இப்படி வருபவற்றில் இரண்டு வகைதான் அதிகம். உடல் கண்ணாடி போலவும், வாயைச் சுற்றியுள்ள கைகள் மெலிந்து நீண்டு நுனி கூராகவும் இருந்தால் அய்ப்டேசியா. கைகள் குட்டையாக, நுனி உருண்டு, பச்சை கலந்திருந்தால் மஜானோ. கடையில் கேட்டால் இரண்டையும் கொன்றுவிடச் சொல்வார்கள். பவளம் வளர்ப்பவருக்கு அது நியாயமான பேச்சு, ஏனென்றால் இவை பக்கத்தில் இருப்பதைக் கொட்டி ஓரங்கட்டிவிடும். ஆனால் தனிப் பெட்டி கொடுத்தால் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நேரம் பார்க்க வைக்கிற உயிர் வேறில்லை என்பது என் எண்ணம். பவளத்துக்கும் அதன் உடலுக்குள் வாழும் பாசிக்கும் உள்ள உறவை ஆராய்கிறவர்கள் அய்ப்டேசியாவைத்தான் ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். அதன் மரபணுத் தொகுதியை 2015-இல் முழுதாகப் படித்தே விட்டார்கள்.

முதலில் அதை இடம் மாற்ற வேண்டும். பிளேடால் சுரண்டாதீர்கள். நான் ஒன்றைச் சுரண்டினேன், ஒரே மாதத்தில் ஏழு ஆனது. அது ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதியான பாதத்திலிருந்து கிழியும் சின்னத் துணுக்குகூடத் தனி உயிராக முளைத்துவிடும். சின்னக் கல்லிலோ சிப்பியிலோ ஒட்டியிருந்தால் கல்லோடு தூக்கிவிடுங்கள். கண்ணாடியில் இருந்தால் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து, தோசையைப் பெயர்ப்பது போல மெதுவாக நகர்த்தி, கழன்றதும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடக் கூடாது.

பெட்டி 15 லிட்டர் போதும். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் மீன்தொட்டிக்கான கடல் உப்பு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கல்லுப்பு உதவாது, கடல்நீரில் இருக்கும் மெக்னீசியமும் கால்சியமும் அதில் அந்த அளவுக்குக் கிடையாது. பக்கெட்டில் கலந்து, ஏர் பம்ப் போட்டு ஓர் இரவு விட்டு, அடர்த்தி 1.025 காட்டிய பிறகு ஊற்றுங்கள். பழைய தொட்டியிலிருந்து ஒரு கல்லும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்தால் பெட்டி சீக்கிரம் நிலைக்கு வரும். அம்மோனியா பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். கல் வேண்டுமென்று ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறைத் துண்டு பொறுக்கி வராதீர்கள். பவளங்கள் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. நான் வைத்திருப்பது சுட்ட மண்ணில் செய்த கல்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். என் பல்லிலேயே அந்தக் கறை இருக்கிறது. ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உண்டு, அதனால் பயம் அதில் இல்லை. சாமந்திக்கும் நத்தைக்கும் எமன் செம்பு. செப்புக் குடத்தில் பிடித்த தண்ணீர், காப்பர் சேர்த்துத் தரும் ஆர்.ஓ. மெஷின், மீனின் வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஊற்றும் காப்பர் மருந்து, எதுவும் அருகில் வரக் கூடாது. ஒருநாள் பட்டறையிலிருந்து வந்த வேகத்தில் கையை உள்ளே விட்டேன். சட்டைக் கையில் சிக்கியிருந்த வைண்டிங் கம்பித் துணுக்கு உள்ளே விழுந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் பெட்டியில் கூட இருந்த நத்தை செத்தது, சாமந்திகள் எல்லாம் சுருங்கி உட்கார்ந்துவிட்டன. கம்பியை எடுத்து, மூன்று நாள் பாதிப் பாதித் தண்ணீர் மாற்றி, நச்சை உறிஞ்சும் கார்பன் பை தொங்கவிட்ட பிறகுதான் விரிந்தன. இப்போது குளித்து உடை மாற்றாமல் பெட்டிப் பக்கம் போவதில்லை.

வெப்பம் 24 முதல் 27 டிகிரி நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் 30-ஐத் தாண்டி நின்றால் சாமந்தி, பவளத்தைப் போலவே தன் உடலுக்குள் வைத்திருக்கும் பாசியை இழந்து வெளுக்கத் தொடங்கும். தண்ணீர்மேல் படும்படி சின்ன ஃபேன் வைத்தால் சில டிகிரி இறங்கும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். ஆகவே கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரைக் கோடு வரை ஊற்றுங்கள். உப்புத்தண்ணீர் ஊற்றினால் பத்தே நாளில் கரிப்பு ஏறிவிடும். வாரம் ஒருமுறை இரண்டு லிட்டர் மாற்றுகிறேன். எடுத்த தண்ணீர் சாக்கடைக்குத்தான், செடிக்கு வேண்டாம். பம்ப் வாயில் பஞ்சு கட்டாவிட்டால் நகர்ந்து போகும் சாமந்தி உள்ளே இழுபட்டு அரைபடும். வெளிச்சம் எட்டு மணி நேரம். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று போதும்.

தீனி வாரம் ஒருமுறை. உப்புப் போடாத பச்சை இறாலைக் கழுவி, கடுகளவு நறுக்கி, பிளாஸ்டிக் இடுக்கியில் கைகளின் மேல் வையுங்கள். தொட்ட கை முதலில் ஒட்டும், பிறகு பக்கத்துக் கைகள் ஒவ்வொன்றாக மடியும். நடுவில் கோடாக இருக்கும் வாய் மெல்லத் திறந்து, உடம்பு ஒரு பை மாதிரி மூடிக்கொள்ளும். மறுநாள் அதே வாய் வழியாகப் பழுப்பு உருண்டையாகச் சக்கை வெளியே வரும், அதற்கு வேறு வழி கிடையாது. என் மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் அதைத்தான் முதலில் தேடுவாள். பாசம் என்று தினமும் போட்டால் தண்ணீர் கெடும், கூட்டமும் பெருகும். பெருகிவிட்டால், வேண்டாதவற்றைக் கொல்ல, பம்பை நிறுத்திவிட்டு, தண்ணீரில் குழைத்த கால்சியம் ஹைட்ராக்சைடை, வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தான், சிரிஞ்சால் வாய்மேல் வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும்.

ஸ்காட்லாந்தில் டேலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் கடற்கரையில் எடுத்து ஜாடியில் வளர்த்த ஒரு சாமந்தி, அவர் இறந்த பிறகும் கை மாறிக் கை மாறி 1887 வரை வாழ்ந்தது. பம்பும் இல்லை, கரண்டும் இல்லை. தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

சுண்ணாம்பு வைக்க எனக்கு மனசு வருவதில்லை. போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு நண்பர் கேட்டார். சிப்பியில் ஒட்டியிருந்த மூன்றை, பாதி தண்ணீரும் பாதி காற்றுமாக ஒரு பாட்டிலில் போட்டு, செய்தித்தாள் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். பாட்டிலை அவர் பெட்டியில் அரை மணி மிதக்கவிட்டு, அவருடைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் கலந்துதான் உள்ளே இறக்கினோம். மறுநாள் காலையில் இரண்டு விரிந்துவிட்டதாக போன் செய்தார். மூன்றாவது நாலாம் நாள் விரிந்தது.