உயிலை நிறைவேற்றுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியப்பா தன் உயிலில் என்னை எக்சிகியூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றுபவராகப் போட்டிருந்தார். மயிலாப்பூரில் பழைய வீடு, இரண்டு வங்கிக் கணக்கு, கொஞ்சம் நகை. காரியம் முடிந்த கையோடு அவர் மகள், எனக்கு அக்கா, "அப்பா எனக்குன்னு எழுதின வளையலை இப்பவே குடுத்துடுடா" என்றார். கொடுத்துவிட்டேன். அடுத்த மாதமே பெரியப்பா வாங்கியிருந்த கடனுக்கு நோட்டீஸ் வந்தது.

நான் செய்த இந்தத் தவறைத்தான் பெரும்பாலானோர் செய்கிறார்கள். எக்சிகியூட்டர் கையில் இருப்பது பொறுப்பு, உரிமை அல்ல. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் எதற்கு முதலில் பணம் கொடுக்க வேண்டும் என்று வரிசை வைத்திருக்கிறது. நியாயமான ஈமச் செலவும் கடைசிக்கால மருத்துவச் செலவும் முதலில். அடுத்து புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கும் செலவு. அப்புறம், இறப்பதற்கு முந்தைய 3 மாதங்களில் வேலை பார்த்த வேலையாட்களின் கூலி. பெரியப்பா வீட்டில் சமைத்த அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அவராகக் கேட்கவே இல்லை, நான்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு மற்ற கடன்கள். உயிலில் எழுதிய பங்குகள் இவை எல்லாவற்றுக்கும் பின்னால்தான். முறை தவறிக் கொடுத்து நஷ்டம் வந்தால் எக்சிகியூட்டர் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டிவரும். உறவினர்கள் நெருக்கினால் பயப்படாதீர்கள்: இறந்த நாளிலிருந்து ஓராண்டு வரை பங்கைக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை.

இறந்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுத்துச் செலவு பார்ப்பது இன்னொரு பழக்கம். நல்ல எண்ணத்தில் எடுத்தாலும் பின்னால் பதில் சொல்ல முடியாமல் போகும். நாமினி விஷயமும் அப்படித்தான். காப்பீட்டுப் பணத்தை நாமினி வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவரே தவிர உரிமையாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது; ஆனால் 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தின் பயன் அவர்களுக்கே என்று சட்டம் சொல்கிறது.

பதிவு செய்த உயில்தானே, சாட்சி எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். பதிவு செய்திருந்தாலும் உயிலை நிரூபித்தாக வேண்டும். கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் எங்கே இருக்கிறார்கள் என்று முதல் வாரத்திலேயே தேடுங்கள். வயதானவர்களாக இருந்தால் இன்னும் அவசரம்.

சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக வழக்கு எடுத்து விசாரிக்கும் எல்லைக்குள் (சென்னை நகரத்துக்குள்) இருக்கும் வீடு, மனைக்கு இந்துக்கள் எழுதிய உயில் என்றால் புரோபேட் இல்லாமல் உரிமை கோர முடியாது என்பதுதான் நீண்ட காலம் நிலை. அந்தக் கட்டாயத்தை விதித்த, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. அதற்காக புரோபேட்டே வேண்டாம் என்று முடிவு செய்வது அவசரப்படுவது என்பேன். தகராறு வர வாய்ப்புள்ள குடும்பத்தில், உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சொல்வது எல்லோரையும் கட்டுப்படுத்தும். ஆனால் அது உயிலைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. வீடு உண்மையில் பெரியப்பாவுக்குச் சொந்தமா என்பதை அந்த வழக்கில் பார்க்க மாட்டார்கள்.

புரோபேட் கேட்கும் மனுவில் எந்த வாரிசையும் விட்டுவிடாதீர்கள், பேச்சுவார்த்தை இல்லாத தம்பியாக இருந்தாலும் சரி. மறைத்து வாங்கிய புரோபேட்டைப் பின்னால் ரத்து செய்ய முடியும். அவர் ஆட்சேபித்தால் ஓ.பி. எனப்படும் அந்த மனு, டி.ஓ.எஸ். எனப்படும் முழு உயில் வழக்காக மாறும், ஆண்டுகள் இழுக்கும். ஆனாலும் நேர்வழி அதுதான்.

புரோபேட் கிடைத்த 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பலரும் மறக்கும் கடமை இது. இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு வைத்து, ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வையுங்கள். இறந்தவரின் வருமான வரிக் கணக்கும் உங்கள் பொறுப்பில் வரும்.

இவ்வளவும் முடியாது என்று தோன்றினால் தொடக்கத்திலேயே எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். சொத்தில் கை வைத்த பிறகு அது எளிதல்ல. நான் விலகவில்லை. அக்காவிடம் போய் நிலைமையைச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே வளையலைக் கொண்டுவந்து கொடுத்தார். கடன் தீர்ந்த பிறகு ரசீது எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்.