அபாயக் கல்வி வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு

மிதிவெடி அபாயக் கல்விக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் எழுதுகிறேன். இலங்கையின் வடக்கே பளை, முகமாலை, கிளாலிப் பக்கம் ஒன்பது வருடம் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

முதலில் காசு வருகிற வழி தெரிந்திருக்கவேண்டும். எங்கள் சம்பளமும் வாகனத்து டீசலும் படத்தாளும் ஜப்பான், நோர்வே, பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் காசு. ஜப்பானின் அடிமட்ட உதவித் திட்டத்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம்தான். பெண், ஆண், சிறுமி, சிறுவன் என்று நாலு நிரலில் தலை எண்ணி அறிக்கை கொடுக்கவேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் வெடி அகற்றும் வேலை அப்படியே நின்றது. ஆகவே படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள்.

ஆனால் அந்த நிரலை நிரப்புவது சுலபம். பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் பேசினால் போதும். பழைய இரும்பு பொறுக்குகிறவரும் விறகுக்குப் போகிறவரும் பத்தை வெட்டிக் கொளுத்துகிறவரும் அந்த வரிசையில் நிற்கமாட்டார்கள். அவர்களைப் பிடிக்கப் பின்னேரம் ஐந்து மணிக்கு இரும்புக் கடைக்குப் போங்கள். வெட்கப்படாமல் கள்ளுத் தவறணை வாசலுக்கும் போங்கள்.

பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு ஏமாறாதீர்கள். "கண்டால் தொடுவீங்களோ?" என்றால் வகுப்பே "தொடமாட்டோம்!" என்று கத்தும். ஒருமுறை மைதானத்து மூலையில் மிதிவெடி மாதிரி ஒன்றை வைத்துவிட்டு நாலாம் வகுப்புப் பெடியன் ஒருவனை நடக்கவிட்டேன். சரியாக நின்றான். பிறகு குனிந்து கல்லொன்றை எடுத்தான். "தொடேல்லைத்தானே ரீச்சர், எறிஞ்சு பாக்கிறன்." அன்றிலிருந்து என் பாடம் காலால்தான். அங்கே வெள்ளை மணல், காலடி தெளிவாகப் பதியும். ஒவ்வொரு பிள்ளையும் நிற்கவேண்டும், கையை உடம்போடு ஒட்டவேண்டும், தன் காலடியிலேயே கால் வைத்துத் திரும்பவேண்டும். பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகே வேலியில் துணி கட்டி அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லவேண்டும். காலடி தெரியாவிட்டால் அசையாமல் நின்று கத்தவேண்டும், எவ்வளவு நேரமானாலும்.

மிகக் கஷ்டமான பகுதி காயப்பட்டவரிடம் ஓடக்கூடாது என்பது. ஒரு தாய் கேட்டார்: "என்ர பிள்ளை கிடந்து கத்தேக்க நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" இதற்கு அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். நான் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்களும் விழுந்தால் ஆளைக் கூப்பிட ஆர் அம்மா இருக்கினம்?" என்றேன். அவர் தலையாட்டவில்லை. அடுத்த வகுப்புக்கும் வந்தார்.

உண்மையான வெடியின் வெறுங்கோதுகூட வகுப்புக்குள் வரக்கூடாது. மாதிரிகளைப் போகும்போதும் வரும்போதும் எண்ணுங்கள். பி4 என்கிற மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் சாமான். எங்களுடைய மாதிரி ஒன்று ஒரு பிள்ளையின் பென்சில் பெட்டிக்குள் இருந்தது. புலிகள் செய்த 'ஜொனி' மிதிவெடியின் மரப்பெட்டி உக்கிப்போயிருந்தாலும் அது வெடிக்கலாம் என்பதைப் பெரியவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

"உந்தக் காசில எனக்கொரு கக்கூஸ் கட்டித் தரலாமே?" என்று ஒரு ஐயா கேட்பார். இந்தக் காசு இதற்கு மட்டும்தான் என்று சொல்லிவிடுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள். "எப்ப பிள்ளை முடியும்?" என்றும் கேட்பார். மிதிவெடிகளைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, 2018 ஜூன் 1 இல் அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது, அதன்படி வெடி அகற்றி முடிக்கிற பத்து வருடக் கெடு 2028 ஜூன் 1 என்று சொல்லலாம். அவருடைய காணிக்கு நீங்களாகத் திகதி சொல்லவேண்டாம்.

தவறணையில் ஆறு பேருக்குச் சொன்னால் அறிக்கையில் ஆறு என்றே எழுதுங்கள். முந்நூறுக்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் தெரியும். குறிப்பு நிரலில் சேர்த்துவிடுங்கள்: இரும்புக்காரர் நாலு, விறகுக்காரர் இரண்டு.