பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்கள் வழியே மிதிவண்டியில்

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் வாகன இரைச்சலின்றி மிதிவண்டி ஓட்ட விரும்புவோருக்கு, போன் நகரிலிருந்து சாந்தனே வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளும் திராட்சைத் தோட்டப் பாதையையே முதலில் பரிந்துரைப்பேன். பொமார், வொல்னே, மெர்சோ ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் இப்பாதையில் வடக்கிலிருந்து தெற்காகச் செல்வது நல்லது. கால்கள் களைப்பதற்குள் ஏற்ற இறக்கங்களைக் கடந்துவிட்டால், சோன், லுவார் ஆறுகளை இணைக்க 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட கால்வாயின் கரையோரமாக, சாந்தனேயிலிருந்து ஷான்யி ரயில் நிலையம் வரை நிதானமாகப் போய்ச் சேரலாம். அக்கரைப் பாதை பெரும்பாலும் சமதளமே. படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளின் அருகில் மட்டும் சிறிய மேடு எதிர்ப்படும்.

தோட்டப் பாதையில் கார்கள் அரிது என்றாலும் அது உழவர்கள் வேலை செய்யும் வழி என்பதை மறக்கலாகாது. டிராக்டர் சக்கரங்களிலிருந்து உதிரும் களிமண் மழை நாளில் வளைவுகளில் வழுக்கும் என்பதால், மெலிந்த பந்தய டயரைவிட 32 மில்லிமீட்டர் டயரே பாதுகாப்பானது. அறுவடை நடக்கும் செப்டம்பரில் டிராக்டர்களுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள்.

கிராமக் கடைகள் நண்பகலில் மூடிவிடும் வழக்கம் உண்டு. ஆகவே ரொட்டியும் தண்ணீரும் காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒயின் சுவைக்க நிற்பவர்கள், ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு அந்நாட்டில் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் பொருந்தும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்; சுவைத்துவிட்டு உமிழ்வதை அங்கே எவரும் தவறாக எண்ணுவதில்லை.